பல்கலைக்கழகமும் ஊர்மக்களும்: நல்லுறவை நிலைநிறுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் இருக்கிறார். துணைவேந்தர் ஒரு பதவிக்காலம் இருக்கிறார். பதிவாளரும் துறைத்தலைவர்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மதிலுக்கு வெளியே வாழும் குடும்பமோ தலைமுறை தலைமுறையாக அதே தெருவில் இருக்கிறது. நிலம் எடுக்கப்பட்டபோது யார் வந்து என்ன சொன்னார்கள், வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று எந்தக் கூட்டத்தில் உறுதியளிக்கப்பட்டது, எந்தப் பாதை எப்போது வேலியிட்டு அடைக்கப்பட்டது என்பதெல்லாம் அந்தக் குடும்பத்துக்கு நினைவிருக்கும். நிறுவனத்தில் அதை அறிந்தவர் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார். பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றைச் சுற்றி வாழும் மக்களுக்கும் இடையிலான பிணக்குகளில் பெரும்பகுதி, நினைவில் உள்ள இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே பிறக்கிறது என்பது என் கருத்து. ஆகவே, நல்ல மனம் படைத்த ஓர் அதிகாரியை நம்பி உறவை வளர்ப்பதைவிட, அதை எழுத்திலும் பொறுப்பிலும் நிதி ஒதுக்கீட்டிலும் ஊன்றிவைப்பதே இவ்வழிகாட்டியின் நோக்கம்.

இந்தச் சிக்கல் பல்கலைக்கழகங்களைப் போலவே பழமையானது. ஊராருடன் நேர்ந்த மோதலை அடுத்து 1209-இல் ஆக்ஸ்ஃபோர்டை விட்டு வெளியேறிய அறிஞர்களில் ஒரு பகுதியினர் குடியேறிய இடமே பின்னாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதே ஆக்ஸ்ஃபோர்டில் 1355 பிப்ரவரி 10 அன்று, ஒரு மதுக்கடையில் ஊற்றப்பட்ட மதுவின் தரம் குறித்து எழுந்த வாய்த்தகராறு பெருங்கலவரமாக முற்றிப் பலரின் உயிரைக் குடித்தது. மன்னர் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். அதன் விளைவாக நகரத் தலைவர் ஆண்டுதோறும் தேவாலயத்துக்கு வந்து, கொல்லப்பட்டதாகக் கணக்கிடப்பட்ட மாணவர் ஒருவருக்கு ஒரு பென்னி என்று 63 பென்னி செலுத்தித் தலைகுனிய வேண்டியதாயிற்று. இவ்வழக்கம் 1825 வரை நீடித்தது. 1955-இல்தான் பல்கலைக்கழகம் நகரத் தலைவருக்கு மதிப்புறு பட்டமும், நகரம் துணைவேந்தருக்கு நகரச் சிறப்புரிமையும் வழங்கி முறைப்படி சமாதானம் ஆயின. மது புளித்திருந்தது என்பதற்காக ஒரு கலவரம் மூளாது. அதற்குமுன் ஆண்டுக்கணக்கில் விலையிலும் வாடகையிலும் நீதி வழங்கும் அதிகாரத்திலும் சேர்ந்திருந்த கசப்பே அன்று வெடித்தது. இன்றைய பூசல்களும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன.

முதற்படி: பழைய கணக்கைத் திறத்தல்

புதிய திட்டம் எதையும் அறிவிப்பதற்கு முன் ஒரு வாக்குறுதிப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். நிலம் கையகப்படுத்திய கோப்புகள், பழைய ஆட்சிக்குழுக் கூட்டக் குறிப்புகள், அந்நாளைய நாளிதழ்ச் செய்திகள், ஓய்வுபெற்ற ஊழியர்களின் நினைவுகள், ஊர்ப்பெரியவர்கள் சொல்பவை ஆகிய அனைத்தையும் திரட்டி, யார் எப்போது யாருக்கு என்ன உறுதியளித்தார், அது நிறைவேறியதா, இன்று அதற்குப் பொறுப்பு யார் என்று வரிசைப்படுத்த வேண்டும். ஆவணம் ஒன்று சொல்லி மக்கள் வேறொன்று சொன்னால் இரண்டையும் அருகருகே எழுதுங்கள். எது சரி என்று அந்த நேரத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று விடைகளில் ஒன்றைத் தர வேண்டும்: இந்தத் தேதிக்குள் நிறைவேற்றுவோம், இன்ன காரணத்தால் இயலாது, இதற்கு ஈடாக இருதரப்பும் வேறொன்றை ஒப்புக்கொண்டோம். "பரிசீலனையில் உள்ளது" என்ற நான்காவது விடைக்கு இப்பதிவேட்டில் இடமே இருக்கக் கூடாது. இயலாது என்பதை வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்தின் மீது மக்கள் கோபப்படுவார்கள், உண்மைதான். இழுத்தடிக்கும் நிறுவனத்தின் மீதோ கோபத்தோடு ஏளனமும் கொள்வார்கள், அதைப் போக்குவது மிகக் கடினம். பொறுப்பு மாறும்போது பதிவாளர் கையொப்பமிட்டு ஒப்படைக்கும் ஆவணங்களில் இப்பதிவேடும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஊர் என்பது யார் யார்

"ஊர்மக்களிடம் பேசிவிட்டோம்" என்று நிர்வாகம் சொல்லும்போது, அது பெரும்பாலும் இரண்டு மூன்று பிரமுகர்களிடம் பேசியதையே குறிக்கிறது. ஊர் ஒரே குரலில் பேசுவதில்லை. மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரருக்குப் பல்கலைக்கழகம் வளர வளர வருமானம். அதே தெருவில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளிக்கு அதே வளர்ச்சி வெளியேற்ற அறிவிப்பாக வந்து சேரும். நிலத்தை இழந்தவருக்கும், பின்னர் வந்து கடை வைத்தவருக்கும் ஒரே நிறுவனத்தைப் பற்றி ஒரே எண்ணம் இருக்க வழியில்லை. வளாகத்தின் குறுக்கே நடந்து பள்ளிக்குப் போன குழந்தைகள், மேய்ச்சல் நிலத்தையோ நீர்நிலையையோ நம்பியிருந்தவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், முதியோர் என்று ஒவ்வொரு பிரிவாக எழுதி, அவர்கள் இந்நிறுவனத்தால் பெறுவது என்ன, இழப்பது என்ன, இதுவரை அவர்கள் சொல்லுக்கு எங்கே இடமிருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பட்டியல்களில் விடுபட்டுப்போகும் பிரிவு ஒன்றுண்டு: வளாகத்தில் துப்புரவு, காவல், சமையல் வேலைகளைப் பார்க்கும் உள்ளூர் ஊழியர்கள். ஒப்பந்ததாரரிடம் அவர்களுக்குக் கூலி நிலுவையில் இருந்தால் அந்தச் செய்தி அன்று மாலையே ஊர் முழுவதும் பரவிவிடும். எந்த விழாவாலும் அதை ஈடுசெய்ய முடியாது.

கூட்டத்தை எங்கே, எப்போது நடத்துவது என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். வேலைநாள் முற்பகல் பதினொரு மணிக்கு, அடையாள அட்டை காட்டி நுழைய வேண்டிய நிர்வாகக் கட்டடத்தின் குளிரூட்டிய அறையில் கூட்டம் என்றால், நாட்கூலிக்குப் போகிறவர் வர மாட்டார். கைக்குழந்தையோடு இருப்பவரும் வர மாட்டார். மாலையில், ஊருக்குள், பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நடத்துங்கள். மேடை வேண்டாம். ஒலிபெருக்கியை முதலில் ஊராரின் கையில் கொடுங்கள்; அதிகாரிகள் கடைசியில் பேசட்டும்.

மூன்றாம் படி: தட்டுவதற்கு ஒரு கதவு

பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ளவருக்கு அது நூறு கதவுகள் கொண்ட, எந்தக் கதவும் தனக்கானது என்று தெரியாத கட்டடம். விடுதிச் சத்தத்துக்கு விடுதிக் காப்பாளரிடமா, கழிவுநீருக்குப் பொறியியல் பிரிவிடமா, அடைக்கப்பட்ட பாதைக்குப் பதிவாளரிடமா போக வேண்டும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே ஊர்த்தொடர்பு அலுவலர் என்ற முழுநேரப் பொறுப்பையும், வளாக வாயிலுக்கு வெளியிலிருந்தே நுழையக்கூடிய ஓர் அறையையும், இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணையும் ஏற்படுத்துங்கள். அந்த அலுவலர் துணைவேந்தரிடமோ பதிவாளரிடமோ நேரடியாக அறிக்கை அளிக்க வேண்டும். மக்கள் தொடர்புப் பிரிவின் கீழ் அவரை வைத்தால், குறைகளைத் தீர்ப்பதற்குப் பதிலாக அவற்றை மென்மையாக்கும் வேலைதான் நடக்கும்.

குறைப்பதிவேடு எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். ஒருவர் வந்து, "பரீட்சை முடிஞ்ச ராத்திரியெல்லாம் பின்பக்க விடுதியில ரெண்டு மணிவரைக்கும் பாட்டு, எங்கம்மாவுக்குத் தூக்கமே இல்ல" என்று சொன்னால், பதிவேட்டில் அவர் சொன்ன சொற்களே இடம்பெற வேண்டும். "ஒலி மாசு தொடர்பான புகார்" என்று சுருக்கி எழுதினால், பரீட்சை முடிந்த இரவு, பின்பக்க விடுதி, முதிய தாய் என்ற மூன்று பயனுள்ள தகவல்களும் காணாமற்போகின்றன. தேதி, பொறுப்பேற்ற அலுவலரின் பெயர், முதல் பதில் தர வேண்டிய நாள், எடுத்த நடவடிக்கை, புகார் கொடுத்தவர் அதில் நிறைவடைந்தாரா என்பவை அடுத்தடுத்த பத்திகளில் வர வேண்டும். புகாரை முடித்துவைக்கும் உரிமை அலுவலருக்கு மட்டும் இருக்கக் கூடாது. புகார் கொடுத்தவர் ஒப்புக்கொண்ட பிறகே அது முடிந்ததாகக் கருதப்பட வேண்டும். ஒப்புக்கொள்ளாதவை அடுத்த படியில் சொல்லப்படும் கூட்டுக்குழுவுக்குப் போகட்டும்.

நான்காம் படி: கூட்டுக்குழு

சரிபாதி ஊரார், சரிபாதி பல்கலைக்கழகத்தார், அவர்களுள் மாணவர் பிரதிநிதிகள் கட்டாயம். தலைமை இரு தரப்புக்கும் மாறி மாறி வர வேண்டும். நிகழ்ச்சிநிரலில் பொருள் சேர்க்கும் உரிமை இரு தரப்புக்கும் சமமாக இருக்க வேண்டும். கூட்டக் குறிப்புகள் மக்களின் மொழியில் எழுதப்பட்டு, அறிவிப்புப் பலகையிலும் இணையத்திலும் வெளியாக வேண்டும். உள்ளாட்சி அமைப்பின் பிரதிநிதியும் இருப்பது நல்லது; குப்பை, சாலை, தெருவிளக்கு போன்றவை பல்கலைக்கழகத்தால் தனித்துத் தீர்க்கக்கூடியவை அல்ல.

இவற்றைவிட முக்கியமானது குழுவின் அதிகாரம். எவற்றில் குழுவுக்கு முடிவெடுக்கும் உரிமை உண்டு, எவற்றில் பரிந்துரைக்கும் உரிமை உண்டு, எவை தகவலுக்காக மட்டும் வைக்கப்படுகின்றன என்று முதல் கூட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். குழுவுக்குச் சிறிதளவேனும் சொந்த நிதி ஒதுக்கீடு இருக்கட்டும். தன் சொல்லால் எதுவுமே மாறுவதில்லை என்று கண்ட உறுப்பினர் மூன்றாவது கூட்டத்துக்கு வரமாட்டார். அப்படி வராமற்போனதை அக்கறையின்மை என்று குறிப்பில் எழுதுவது நிர்வாகங்களின் பழைய வழக்கம்.

ஐந்தாம் படி: அன்றாட உரசல்கள்

உறவு கெடுவது பெரிய கொள்கைகளால் அன்று. பெரும்பாலும் குப்பையாலும் சத்தத்தாலும் வண்டி நிறுத்தத்தாலும்தான். இவற்றில் மிகவும் ஆழமானது குடியிருப்புச் சிக்கல். விடுதி வசதியைக் கூட்டாமல் சேர்க்கையை மட்டும் உயர்த்தினால், மாணவர்கள் சுற்றியுள்ள தெருக்களில் வீடு தேடுவார்கள், நான்கு மாணவர் சேர்ந்து தரக்கூடிய வாடகையை ஒரு குடும்பத்தால் தர இயலாது, குடும்பங்கள் வெளியேறும், பிள்ளைகள் குறைந்ததால் உள்ளூர்ப் பள்ளி மெலியும், விடுமுறை மாதங்களில் தெருவே வெறிச்சோடும். இங்கிலாந்தில் இச்சிக்கல் முற்றிய நகரங்கள் பலவற்றில், ஒரு பகுதியில் குடும்ப வீடுகளைப் பலர் பகிரும் வாடகை வீடுகளாக மாற்றுவதற்குத் திட்டமிடல் அனுமதி பெற வேண்டும் என்று உள்ளாட்சிகள் விதி செய்திருக்கின்றன. பல்கலைக்கழகம் அப்படியொரு நிலை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சேர்க்கையை உயர்த்தும் ஒவ்வொரு தீர்மானத்தோடும், அந்தக் கூடுதல் மாணவர்கள் எங்கே தங்குவார்கள் என்ற கணக்கும் ஆட்சிக்குழுவின் முன் வைக்கப்பட வேண்டும்.

வெளியே தங்கும் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஓர் அறிமுக வகுப்பு தேவை: குப்பை எந்த நாளில் எடுக்கப்படுகிறது, தண்ணீர் எப்போது வருகிறது, இரவு எத்தனை மணிக்கு மேல் ஒலி கூடாது, பக்கத்து வீட்டாரிடம் போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது எப்படி என்பவையே பாடம். கடைசிச் செய்தியை மாணவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். செய்து பார்த்தவர்களுக்கு அதன் பலன் தெரியும். ஆண்டு முடிவில் அறைகளைக் காலி செய்யும் வாரத்தில் மெத்தை, நாற்காலி, புத்தகம் எல்லாம் தெருவில் வந்து குவியும் என்பது எல்லாப் பல்கலைக்கழக ஊர்களும் அறிந்த ஒன்று. அந்த வாரத்துக்கு மட்டும் தனி வண்டியும், பயன்படக்கூடிய பொருள்களைத் தரம்பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடும் இருந்தால் ஆண்டு முழுவதும் எழும் புகார்களில் ஒரு நல்ல பங்கு குறையும். மாணவர்களை மட்டும் குற்றவாளிகளாக நிறுத்துவதும் தவறு. பாழடைந்த அறைகளுக்கு அதிக வாடகை வாங்கும் உரிமையாளர்களைப் பற்றிய மாணவர்களின் புகார்களும் அதே பதிவேட்டில் ஏற வேண்டும்.

ஆறாம் படி: பணமும் வேலையும்

பல நாடுகளில் கல்வி நிறுவனங்களுக்குச் சொத்து வரியிலிருந்து விலக்கு உண்டு. சாலையையும் தீயணைப்புச் சேவையையும் பல்கலைக்கழகம் பயன்படுத்துகிறது. அதன் செலவோ மற்ற வரி செலுத்துவோர் மீது விழுகிறது. இந்த மனத்தாங்கலை ஒப்புக்கொண்டு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில வரிக்கு ஈடாகத் தாமாக ஒரு தொகையை நகரத்துக்குச் செலுத்துகின்றன. யேல் பல்கலைக்கழகம் தான் அமைந்துள்ள நியூ ஹேவன் நகரத்துக்கு ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 13.5 கோடி டாலர் தருவதாக 2021-இல் ஒப்புக்கொண்டது. பல ஆண்டுகள் நடந்த உள்ளூர் இயக்கங்களின் அழுத்தம் அதன் பின்னால் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவ்வளவு வசதியில்லாத நிறுவனத்தின் கையிலும் கொள்முதல் என்ற கருவி இருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகமும் அருகிலுள்ள பெரிய மருத்துவமனைகளும் அறக்கட்டளைகளோடு சேர்ந்து 2008-இல் எவர்கிரீன் கூட்டுறவுகள் உருவாகத் துணைநின்றன. அவற்றுள் முதலாவது, மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவையகம். தொழிலாளர்களே அதன் உரிமையாளர்கள். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது: நிறுவனம் எதை ஆண்டு முழுவதும் வாங்குகிறது என்று பட்டியலிட்டு, அதில் எதை உள்ளூரில் செய்ய முடியும் என்று பாருங்கள். பெரிய ஒப்பந்தப்புள்ளிகளைச் சிறு பகுதிகளாகப் பிரியுங்கள், முன்வைப்புத் தொகையைக் குறையுங்கள், விலைப்பட்டியல் வந்த முப்பது நாள்களுக்குள் பணம் கொடுங்கள். தாமதமாகப் பணம் தரும் நிறுவனத்துக்குச் சிறு வணிகர் ஒருவரால் தொடர்ந்து பொருள் தர முடியாது.

ஏழாம் படி: ஆராய்ச்சி

ஊரைக் கணக்கெடுப்புக் களமாக மட்டும் பயன்படுத்திய ஆராய்ச்சிகளால் வந்த சலிப்பு உலகெங்கும் உண்டு. வினாப்படிவத்தோடு வருவார்கள், ஒருமணி நேரம் கேட்பார்கள், பிறகு அவர்களைக் காணவே முடியாது. சில வேளைகளில் சலிப்பு அநீதியாகவும் முடியும். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினர், நீரிழிவு நோய் ஆய்வுக்கென்று 1990-களின் தொடக்கத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குக் குருதி கொடுத்தனர். அந்த மாதிரிகள் மனச்சிதைவு நோய், இடப்பெயர்வு வரலாறு போன்ற வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டதைப் பின்னர் அறிந்து வழக்குத் தொடுத்தனர். 2010-இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் இழப்பீடு தந்து, எஞ்சிய மாதிரிகளைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. கையொப்பமிட்ட ஒப்புதல் படிவங்கள் இருந்தன. கொடுத்தவர்கள் எதற்கு ஒப்புக்கொண்டதாக நினைத்தார்கள் என்பதும் படிவத்தில் இருந்த பொதுவான சொற்களும் ஒன்றாக இல்லை. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் இன்னொரு வழியைக் காட்டினர்: தங்களை ஆராய வருவோர் பின்பற்ற வேண்டிய நெறிமுறையைத் தாங்களே எழுதி 2017-இல் வெளியிட்டனர்.

எனவே ஊரில் நடக்கும் எந்த ஆய்வும் கூட்டுக்குழுவில் பதிவாக வேண்டும். தரவு எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று எளிய மொழியில் எழுத வேண்டும். முடிவுகள் ஆய்விதழில் வருவதற்கு முன்போ உடனடியாகவோ ஊர்க்கூட்டத்தில் சொல்லப்பட வேண்டும். எதிர்த்திசையிலும் பாதை திறக்கப்பட வேண்டும். நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் 1970-களில் தோன்றிய அறிவியல் கடைகள், குடிமக்களும் சங்கங்களும் கொண்டுவரும் கேள்விகளை மாணவர்களும் ஆசிரியர்களும் ஆராய்ந்து விடை தரும் அமைப்புகள். எங்கள் கிணற்றுநீரில் என்ன கலந்திருக்கிறது என்று ஓர் ஊர் கேட்டால், அதற்கு விடைகாணும் கருவிகள் வேதியியல் துறையில் ஏற்கெனவே இருக்கின்றன.

மாணவர் தொண்டுப் பணிகளுக்கும் இதே விதி பொருந்தும். மாணவர்களின் காலம் பருவத்தேர்வோடு முடியும். ஊரின் தேவை அப்படி முடிவதில்லை. மூன்று மாதம் மாலை வகுப்பு எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் குழந்தைகளுக்கு அது இழப்புத்தான். ஓர் ஆசிரியரின் பொறுப்பில், ஆண்டுதோறும் தொடரக்கூடிய சில பணிகளை மட்டும் ஏற்பது நல்லது. மரக்கன்று நடுவதானால் தண்ணீர் ஊற்றப்போகிறவர் யார் என்று எழுதிவிட்டு நடுங்கள். படமெடுக்க ஆள் எப்படியும் கிடைப்பார்.

எட்டாம் படி: கட்டுமானமும் விரிவாக்கமும்

உறவின் உண்மையான சோதனை இங்கேதான். கொலம்பியா பல்கலைக்கழகம் 1960-களில் நியூயார்க்கின் மார்னிங்சைடு பூங்காவில், பொது நிலத்தில், ஓர் உடற்பயிற்சிக் கூடம் கட்ட முனைந்தது. பூங்கா ஒரு சரிவு. மேட்டில் பல்கலைக்கழகம், பள்ளத்தில் ஹார்லெம் என்ற குடியிருப்புப் பகுதி. கட்டடத்தின் பெரும்பகுதியும் மேல்வாயிலும் பல்கலைக்கழகத்துக்கு; கீழ்த்தளத்தில் சிறு பங்கும் கீழ்வாயிலும் ஊராருக்கு என்று வரைபடம் தயாரானது. பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிக்குக் கீழ்ப்பக்கக் கதவைக் காட்டிய அந்த வரைபடம் 1968-இன் மாணவர் போராட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று, திட்டம் கைவிடப்பட்டது. ஊருக்கும் சேர்த்துத்தானே கட்டினோம் என்று திட்டமிட்டவர்கள் எண்ணியிருக்கக்கூடும். வரைபடம் முடிந்த பிறகு கருத்துக் கேட்டால் கதவின் நிறத்தைத்தான் மாற்ற முடியும். கதவு எங்கே என்பதை மாற்ற, தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். அதே பல்கலைக்கழகம் பின்னாளில் மேன்ஹாட்டன்வில் பகுதிக்கு விரிந்தபோது, வீட்டுவசதி, கல்வி போன்றவற்றுக்கென 15 கோடி டாலர் மதிப்புள்ள ஊர்நல ஒப்பந்தம் ஒன்றில் 2009-இல் கையொப்பமிட்டது. அதற்குப் பிறகும் நிலம் எடுப்பதை எதிர்த்து வழக்கு நடந்தது. ஒப்பந்தம் எதிர்ப்பை இல்லாமலாக்கிவிடும் என்று எண்ணி அதில் இறங்கக் கூடாது.

அத்தகைய ஒப்பந்தத்தில் என்ன, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன என்ற நான்கும் இருக்க வேண்டும். ஊர்த்தரப்புக்குத் தனி வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்பது முறை. நல்லது செய்வதன் பக்கவிளைவையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள். 1960-களில் பிளாக் பாட்டம் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பை நகரச் சீரமைப்பின் பெயரால் அகற்றியதில் பங்குகொண்ட பென்சில்வேனியா பல்கலைக்கழகம், 1990-களில் போக்கை மாற்றிக்கொண்டு, தெருவிளக்கு, உள்ளூர்க் கொள்முதல், வீடு வாங்க உதவி என்று பலவற்றைச் செய்தது. 2001-இல் ஓர் அரசுப் பள்ளி தொடங்கவும் துணைநின்றது. பள்ளி சிறப்பாக நடந்தது. அதனாலேயே அதன் எல்லைக்குள் வீட்டு விலை ஏறி, முன்பிருந்த ஏழைக் குடும்பங்களால் அங்கே தங்குவது கடினமாயிற்று. வாடகைப் பாதுகாப்பும் குறைந்த விலை வீடுகளும் முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஒன்பதாம் படி: நெருக்கடி நேரம்

வளாக வண்டி மோதி ஒருவர் காயமடைகிறார். மாணவருக்கும் ஊர் இளைஞருக்கும் கைகலப்பு. ஆய்வகக் கழிவு வாய்க்காலில் கலக்கிறது. யார் முதலில் போவது, யார் பேசுவது என்பது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். பொறுப்பான ஒருவர் அன்றே நேரில் போக வேண்டும். தெரிந்ததைச் சொல்லி, தெரியாததை எப்போது சொல்ல முடியும் என்று நேரம் குறித்துவிட்டு வர வேண்டும். வழக்கறிஞரின் ஆலோசனை தேவைதான், ஆயினும் ஆறுதல் சொல்வதற்கு அவருடைய அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பத்தாம் படி: அளவிடுதல்

நடத்திய முகாம்களையும் வந்த விருந்தினர்களையும் எண்ணுவதால் உறவின் நிலை தெரியாது. நிறைவேறிய வாக்குறுதிகள், முதல் பதிலுக்கு எடுத்த நாள்கள், ஊர்த்தரப்பின் கருத்தால் மாற்றப்பட்ட முடிவுகள், உள்ளூர்க் கொள்முதலின் பங்கு, நிரந்தரப் பணிகளில் உள்ளூராரின் எண்ணிக்கை, சுற்றுத்தெருக்களின் வாடகை மாற்றம் ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அறிக்கையில் ஊர்த்தரப்பு உறுப்பினர்கள் தணிக்கையின்றி எழுதும் பகுதி ஒன்றும் இருக்க வேண்டும். குறைப்பதிவேடு திறந்த முதல் ஆண்டில் புகார்கள் பெருகும்; அதைக் கண்டு நிர்வாகம் அஞ்சிப் பதிவேட்டை மூடிவிடக் கூடாது. அதுவரை தெருவில் பேசப்பட்டவை இப்போது அலுவலகத்துக்கு வந்து சேர்கின்றன என்பதே அதன் பொருள். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் கவனிக்க வேண்டியது மொத்த எண்ணிக்கையை அன்று. அதே குறையை அதே தெருவினர் மீண்டும் கொண்டுவருகிறார்களா என்பதையே.